உளுந்து வேரைப் பாத்துட்டு அப்புறம் யூரியா வாங்குங்க

பர்மாவுல பெகு பக்கம் நெல்லு அறுத்த கையோட, வயல்ல ஈரம் காயறதுக்குள்ள உளுந்து விதைச்சிடுவோம், சந்தையில மட்பேன்னு சொல்றது அதைத்தான். செடி கொஞ்சம் வெளிறிட்டா உடனே யூரியா தேடி ஓடாதீங்க, முதல்ல ஒரு செடிய தோண்டிப் பாருங்க.

பூ எடுக்கிற சமயம் பாக்கறது நல்லது. கையால புடிச்சு இழுக்கக் கூடாது, இழுத்தா வேருல ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன முடிச்செல்லாம் அறுந்து மண்ணுலயே நின்னுடும், அப்புறம் வேருல ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுடுவோம். ஒரு சாண் தள்ளி மண்வெட்டிய போட்டு மண்கட்டியோட எடுத்து வாளித் தண்ணில கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெதுவா அலசுங்க.

வேருல கடுகு, மிளகு மாதிரி உருண்டையா அந்த முடிச்சு ஒட்டிட்டு இருக்கும். ஒண்ண நகத்தால கிள்ளுங்க. உள்ள சிவப்பாவோ ரோஸாவோ இருந்தா வேலை நல்லா நடக்குது. பச்சை, பழுப்புன்னா ஓஞ்சுபோச்சு.

உள்ள குடியிருக்கிறது ரைசோபியம் மாதிரி பாக்டீரியா, 1888லயே பெய்ஜெரிங்க்னு ஒரு டச்சு விஞ்ஞானி இதை தனியா பிரிச்சு எடுத்துட்டாரு. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் புடிச்சு செடிக்குக் குடுக்குது, செடி பதிலுக்கு இலையில செஞ்ச சர்க்கரைய கீழ அனுப்புது. ஆனா அந்த வேலைய செய்யற என்சைமுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது, அதனால நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் மாதிரியே ஒண்ண செடி உண்டாக்கி ஆக்சிஜனை அளந்து அளந்து விடுது, நீங்க பாத்த சிவப்பு அதுதான். எத்தனை தடவை கிள்ளிப் பாத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரல.

ஒண்ணு கவனிங்க, மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத நூற்புழு விழுந்தாலும் வேர் முடிச்சு முடிச்சா வீங்கும். விரலால தள்ளினா நல்ல முடிச்சு தனியா உதிர்ந்துடும், புழு முடிச்சு வேரே வீங்கினது, வராது.

யூரியாவ அள்ளிப் போட்டா செடி முடிச்சு வைக்கிறதையே குறைச்சுக்கும், யூரியாவுல நைட்ரஜன் சும்மா கிடைக்கும்போது சர்க்கரைய எதுக்கு செலவழிக்கணும்? எங்க வயல்லயே ஒரு வருஷம் அப்படி ஆச்சு, இலை கருகருன்னு இருந்துச்சு, காய் இல்ல. தண்ணி தேங்கினாலும் முடிச்சு மூச்சு முட்டி செத்துடும், வாய்க்கால் வெட்டி விடுங்க.

பயறு வகையே போடாத புது நிலம்னா ரைசோபியம் பொடிய ஆறின கஞ்சில கலந்து விதையில பெரட்டி நிழல்ல உலர்த்தி அன்னைக்கே விதைச்சிடுங்க, வெயில் பட்டா பாக்டீரியா செத்துடும். அறுக்கும்போது செடிய பிடுங்காம அடியோட அறுங்க, வேர் மண்ணுலயே கிடந்து மக்கட்டும், அடுத்த நெல்லுக்கு ஆகும்.