ஏழாம் இலக்கம் கேட்கிற பெடியனை நடுக்களத்துக்குப் பழக்குவது எப்படி?

பகலில் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துகிறேன். பின்னேரம் டச்பே பக்கம் பதினைந்து வயதுக்குட்பட்ட பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். புதிதாகப் பழக்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று: திருகோணமலையில் கோல் அடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. பந்தைப் பறித்து, அதை ஒழுங்காக இன்னொருவனிடம் கொடுக்கிற நடுக்களக்காரனுக்குத்தான் பஞ்சம். அவனை நாங்கள்தான் உருவாக்க வேண்டும்.

ஜேர்சி கொடுக்கிற நாளில் எல்லாரும் கேட்பது ஏழாம் இலக்கம். "ரொனால்டோன்ட நம்பர் சேர்." கொடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஐரோப்பிய நாடுகள் மோதுகிற யூரோ கிண்ணத்தில், 2004இல் ரொனால்டோ போட்டது 17. அந்தக் கிண்ணத்தைத் தூக்கிய அணியில் ஏழாம் இலக்கம் போட்டவர் கிரேக்கக் கப்டன், நடுக்களக்காரர் தியோடோரஸ் சகோராகிஸ். அவரைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தால் ஜேர்சி உனக்கு என்று சொல்லுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. 1971இல் வட கிரேக்கத்தில், கவாலாவுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். கவாலாவும் எங்கட ஊர் மாதிரி ஒரு துறைமுகப் பட்டினம்தான். அந்த ஊர்க் கழகத்தில் தொடங்கி, தெசலோனிக்கியின் பாஓக் கழகத்துக்குப் போய், 1998இல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். அங்கே பல நாள் வெளியே குந்தியிருக்க வேண்டி வந்தது. 2000இல் நாட்டுக்குத் திரும்பி ஏதென்ஸின் ஏஇகே கழகம், யூரோவுக்குப் பிறகு இத்தாலியின் பொலோஞ்ஞா, கடைசியில் மறுபடி பாஓக். பிறகு அரசியலுக்குப் போய் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் இருந்தார். அது பெடியளுக்குத் தேவையில்லை. தேவையானது இந்த இரண்டு எண்கள்: கிரேக்க அணிக்காக 120 ஆட்டம், 3 கோல். அப்படிப்பட்டவரைத்தான் 2004 யூரோவின் சிறந்த வீரர் என்று தெரிவு செய்தார்கள். அப்போது வயது 32.

இதைக் கேட்டதும் பெடியள் சிரிப்பாங்கள். அந்த நேரம் வீடியோவைப் போடுங்கள்.

முழு ஆட்டத்தையும் போடக்கூடாது. ஒட்டோ ரெஹாகல் பழக்கிய அந்தக் கிரேக்க அணி ஆடுவதைப் பார்க்க நித்திரை வரும் என்று அப்பவே உலகம் முழுக்கத் திட்டினார்கள். எனக்கு அந்தத் திட்டில் உடன்பாடில்லை என்றாலும், பதின்மூன்று வயதுக்காரனுக்குத் தொண்ணூறு நிமிடம் கட்டாயம் நித்திரை வரும். பிரான்சுக்கு எதிரான காலிறுதியின் 65ஆவது நிமிடத்தை மட்டும் காட்டுங்கள். வலது பக்கத்தில் சகோராகிஸ் பந்தை பிரான்சின் தடுப்பாட்டக்காரர் லிசராசுவின் தலைக்கு மேலால் தூக்கிப் போட்டுவிட்டு, தான் சுற்றிப் போய் எடுத்து, நடுவுக்கு அனுப்புகிறார். கிரேக்க முன்களக்காரர் கரிஸ்டியாஸ் தலையால் முட்டி கோல். நடப்புச் சம்பியன் பிரான்ஸ் வெளியே. இப்போது பெடியள் வாய் மூடுவாங்கள்.

அடுத்து, அதே ஆட்டத்தில் வேறொரு பத்து நிமிடத்தைப் போட்டு, "பந்தைப் பார்க்காதே, ஏழாம் இலக்கத்தை மட்டும் பார்" என்று சொல்லுங்கள். ஒவ்வொருவனும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: பந்து அவரிடம் இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார்? முதலில் ஒருவருக்கும் பதில் வராது. விடாமல் திருப்பிப் போடுங்கள்.

பிறகு மைதானம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும். உயர அடிக்கிற பந்தெல்லாம் கடலுக்குத்தான் போகும். அதைத் துரத்தியே பாதி நேரம் முடியும். ஆகவே அந்த மாதங்களில் என்னிடம் உயரப் பந்துக்குத் தடை. நடுக்களம் பழக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. கடற்கரை மணலிலும் பழக்காதீர்கள். கால் பலம் வருமே தவிர, தரையில் பந்து உருளாது, பாஸ் பழகாது.

பத்து மீற்றர் சதுரம் ஒன்று கீறி, நாலு மூலையிலும் நாலு பேர், நடுவில் ஒருவன். ஒரு மூலையிலிருந்து பந்து நடுவில் நிற்பவனுக்கு வருகிறபோதே, அவனுக்குப் பின்னால் நிற்கிறவன் விரல்களை உயர்த்திக் காட்ட வேண்டும். பந்து காலில் படுமுன் நடுவில் நிற்பவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் அந்தப் பாஸ் கணக்கில்லை. நடுக்களக்காரனுக்கு எதிரி நாலு திசையிலிருந்தும் வருவான். தோளுக்கு மேலால் பார்க்கத் தெரியாதவன் பந்தை வாங்கிய கணமே பறிகொடுப்பான். முதல் கிழமை தலை சுற்றுகிறது என்பாங்கள். பரவாயில்லை, தொடருங்கள்.

இரண்டாவது, இடம் நிரப்புதல். ரைட் பெக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன், பந்தோடு முன்னேறினால் நடுக்களக்காரன் அந்த வெற்றிடத்துக்கு இறங்க வேண்டும். இதைப் பந்தில்லாமல், நடந்தே பழக்குங்கள். நீங்கள் கைதட்டினால் ரைட் பெக் நடக்கிறான், மற்றவன் இறங்குகிறான். நடந்து சரிவந்த பிறகு ஓட்டம். (நடுவில் மான் குறுக்கிட்டால் நிறுத்துங்கள். எங்கட ஊர் மானுக்கு விசில் விளங்காது.)

எல்லாப் பெடியனும் சகோராகிஸ் ஆக மாட்டான். துடிப்பும் கோபமும் உள்ளவனுக்கு அதே அணியின் இன்னொரு நடுக்களக்காரர் கரகூனிஸைக் காட்டுங்கள். 2004 யூரோவில் போர்த்துக்கலுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஏழாம் நிமிடம் கோல் போட்டவர். ஆனால் மஞ்சள் அட்டைகளால் அதே தொடரின் இறுதியாட்டத்தை வெளியே இருந்து பார்த்தார். 2012 யூரோவிலும் ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் அடித்து அணியைக் காலிறுதிக்குக் கொண்டுபோய்விட்டு, அதே ஆட்டத்தில் வாங்கிய மஞ்சளால் காலிறுதியில் ஆட முடியவில்லை. நடுவரோடு வாய் காட்டுகிறவனுக்கு இந்தக் கதை போதும், நீங்கள் கத்தத் தேவையில்லை. அமைதியானவனாய், நிறுத்திய பந்தைத் துல்லியமாக அடிக்கிறவனாய் இருந்தால், அதே அணி நடுக்களக்காரர் பசினாஸைக் காட்டுங்கள். 2004 இறுதியாட்டத்தில் கரிஸ்டியாஸ் தலையால் முட்டிக் கோலாக்கிய கோனர் உதை அவருடையது.

வீட்டுக்காரர் வருவார்கள். "தம்பி, என்ர மகன் ஒரு கோலும் அடிக்கிறான் இல்லையே, அவனை ஏன் முன்னுக்கு விடுறீங்களில்லை?" அப்பாமாரைவிட மாமாமார் கூடக் கேட்பார்கள். வாக்குவாதப்படாமல் ஒரு கொப்பியைக் காட்டுங்கள். அதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று நிரல்: பறித்த பந்து, தன் ஆளிடம் போய்ச் சேர்ந்த பாஸ், நிரப்பிய இடம். கோலுக்கு நிரல் போடாதீர்கள். அதை ஊரே எண்ணும். இந்தக் கணக்கை எழுதுகிற வேலையை வெளியே குந்தியிருக்கிற மாற்று ஆட்டக்காரனிடம் கொடுங்கள். எழுதி எழுதியே, தான் உள்ளே போனால் எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு விளங்கிவிடும்.