பக்கத்து விண்மீன் மண்டலத்தின் இளம் கொத்துகள்: நாம் சறுக்கும் இடங்கள்

தெற்கு வானில் வெறும் கண்ணுக்கே வெளிறிய மேகத் துண்டாகத் தெரிவது பெரிய மெகல்லன் மேகம். சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் தனி விண்மீன் மண்டலம் அது. அங்குள்ள விண்மீன் கொத்துகளை, அதாவது ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே இருக்கும் விண்மீன் கூட்டங்களைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஏமாறுவது வடிவத்தில்.

நம் பால்வீதியில் உருண்டையாக, நெருக்கமாக ஒரு கொத்து தெரிந்தால், வயது பெரும்பாலும் 1,000 கோடி ஆண்டுகளை ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கு அங்கே செல்லாது. அங்குள்ள என்ஜிசி 1866 என்ற கொத்து பார்ப்பதற்கு அப்படியே உருண்டையான கோளக் கொத்துதான். வயதோ ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள். நம் சூரியனுக்கே சுமார் 460 கோடி ஆண்டு வயது! கொத்திலுள்ள விண்மீன்களின் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் குறித்துத்தான் வயதைச் சொல்ல வேண்டும்.

சரி, நிறம் போதுமே, நீலம் என்றால் இளசு, சிவப்பு என்றால் கிழடு என்று முடித்துவிடாதீர்கள். அதே மண்டலத்தின் டாரன்டுலா நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தில் உள்ள ஹாட்ஜ் 301 கொத்தின் வயது இரண்டு, மூன்று கோடி ஆண்டுகள்தான். அதிலேயே சிவப்பு மீப்பெரு விண்மீன்கள் உண்டு. எடை கூடிய விண்மீன் எரிபொருளை வேகமாகத் தீர்த்து, சீக்கிரமே ஊதிச் சிவந்துவிடும். இடையில் கிடக்கும் தூசியும் ஒளியைச் சிவப்பாக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஆர்136 என்ற கொத்து. அதே நெபுலாவின் நடுவில் இருக்கும் இதன் மையத்தை, 1980களின் தொடக்கத்தில் சூரியனைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் எடையுள்ள ஒற்றை விண்மீனாகச் சிலர் கருதினார்கள். 1985இல் நுணுக்கமான படப்பிடிப்பு அதைப் பல விண்மீன்களாகப் பிரித்துக் காட்டியது. அதில் ஒன்றான ஆர்136ஏ1-இன் எடை 2010இல் சுமார் 265 சூரியன்கள் என்று கணிக்கப்பட்டது. 2022இல் கூர்மையான படங்கள் கிடைத்ததும் 200க்குக் கீழே இறங்கியது. அந்தத் தொலைவில், வானில் ஒரு பாகைக் கோணத்தின் 3,600இல் ஒரு பங்கு என்பதே ஏறக்குறைய 0.8 ஒளியாண்டு அகலம். ஒரு புள்ளிக்குள் எத்தனையோ விண்மீன்கள் ஒளிந்திருக்கலாம். ஆகவே எடையைப் படிக்கும்போது, எந்தத் தொலைநோக்கி, எவ்வளவு கூர்மை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

அப்புறம், படத்தில் தெரிவதெல்லாம் கொத்தின் உறுப்பினர்கள் அல்ல. நம் பால்வீதியின் விண்மீன்களும் குறுக்கே நிற்கும். கொத்தோடு சேர்ந்து நகர்கிறதா என்று அளந்துதான் அவற்றைக் கழிக்க முடியும்.

கடைசியாக, நன்றாகப் படித்தவர்களையும் குழப்பிய ஒன்று. நிறமும் பிரகாசமும் குறித்த வரைபடத்தில் விண்மீன்கள் ஒரே கோட்டில் விழாமல் பரவி நின்றால், பல தலைமுறைகள் பிறந்திருக்கின்றன என்று தோன்றும். ஆனால் வேகமாகச் சுழலும் விண்மீன் நடுவில் பருத்து, அங்கே குளிர்ந்துபோகும். பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறமும் பிரகாசமும் மாறும். ஆகவே ஒரே வயதுள்ளவையும் பரவித் தெரியலாம். என்ஜிசி 1866இல் மெதுவாகச் சுழல்பவையும் வேகமாகச் சுழல்பவையும் கலந்தே இருக்கின்றன.