குழந்தைமை பறிபோவதைச் சொல்லும் பொதுவெளிச் சிற்பங்களை வாசிப்பது எப்படி?

அருங்காட்சியகச் சிற்பத்தை நாம் தேடிச் சென்று பார்க்கிறோம். சதுக்கத்திலும் ரயில் நிலைய வாசலிலும் நிற்கும் சிற்பமோ நம் வழியில் எதிர்ப்படுகிறது. குழந்தைமையின் இழப்பைப் பேசும் படைப்புகள் பார்த்த கணத்திலேயே இரக்கத்தை எழுப்பிவிடுவதால், பலர் அந்த இரக்கத்தையே படைப்பின் பொருளாகக் கொண்டு நகர்ந்துவிடுகின்றனர். அதற்கு அப்பால் செல்ல விரும்பும் தொடக்கநிலைப் பார்வையாளர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். மாஸ்கோவின் போலோத்னயா சதுக்கத்தில் 2001ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, மிகயீல் ஷெம்யாக்கின் உருவாக்கிய ‘பெரியவர்களின் தீமைகளுக்குப் பலியாகும் குழந்தைகள்’ என்ற சிற்பத் தொகுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நேரில் செல்ல இயலாதவர்கள் பல கோணங்களில் எடுக்கப்பட்ட புகைப்படங்களைக் கொண்டே பயிலலாம்.

படி 1: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்

விளக்கப் பலகையைப் படிப்பதற்கு முன் ஒரு தாளில் உருவங்கள், பொருள்கள், திசைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘சோகம்’, ‘கொடுமை’ போன்ற சொற்கள் இப்போது வேண்டாம். மாஸ்கோ தொகுதியில் கண்கள் கட்டப்பட்ட ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் முன்னால் இருக்கின்றனர். அவர்களின் காலடியில் பந்தும் புத்தகமும் கிடக்கின்றன. பின்னால் 13 உருவங்கள் அரைவட்டமாக நிற்கின்றன.

படி 2: ஒரே அடையாளத்துக்கு இரண்டு பொருள் சொல்லிப் பாருங்கள்

கண்கட்டை அறியாமையின் குறியாகக் கொள்வது எளிது. ஆனால் அருகில் பந்து கிடப்பதைக் கவனித்தால், அவர்கள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள் என்ற வாசிப்பும் எழுகிறது. விளையாட்டுக்காகக் கண்ணைக் கட்டிக்கொள்ளும் குழந்தை, தன்னைச் சுற்றியிருப்பவர்கள் தனக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்று நம்புகிறது. இந்த இரண்டாம் வாசிப்பே வலுவானது என்பது என் கருத்து. ஏனெனில் அது பந்தையும் சேர்த்து விளக்குகிறது, முதல் வாசிப்பு அதை விட்டுவிடுகிறது. எந்த வாசிப்பு கூடுதலான விவரங்களைத் தாங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பெரியவர்கள் எங்கே என்று தேடுங்கள்

இதுவே இந்த முறையின் மையம். இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள். குழந்தைமையின் இழப்பைப் பேசும் சிற்பம் பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறது. மாஸ்கோவில் அவர்கள் போதைப்பழக்கம், திருட்டு, வறுமை, போர், குழந்தைத் தொழிலாளர் முறை முதலிய தீமைகளின் உருவங்களாக நிற்கின்றனர். அந்த அரைவட்டத்தின் நடுவில் இருப்பது போரன்று, வன்முறையுமன்று; காதுகளைப் பொத்திக்கொண்டிருக்கும் அலட்சியம். மற்ற தீமைகள் அனைத்தும் அதன் இருபுறமும் அணிவகுக்கின்றன என்ற ஒழுங்கைக் கண்டுகொண்டால், சிற்பி எதை முதன்மையான குற்றமாகக் கருதுகிறார் என்பது பலகையின் துணையின்றியே விளங்கும்.

இனி நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். உருவங்கள் பாதி வட்டத்தையே நிறைக்கின்றன. குழந்தைகளுக்கு இப்புறம் வந்து நிற்கும் பார்வையாளர் மீதிப் பாதியில், அலட்சியத்துக்கு நேரெதிரே, இடம்பெறுகிறார்.

செக் நாட்டின் லிடிட்சே கிராமத்தில் நிலைமை வேறு. 1942இல் நாஜிகள் அழித்த அந்த ஊரின் கொல்லப்பட்ட குழந்தைகளை நினைவுகூர மரியே உஹிதிலோவா தொடங்கிய வெண்கலத் தொகுதியில், 42 சிறுமியரும் 40 சிறுவருமாக 82 குழந்தைகள் நிற்கின்றனர்; பெரியவர் ஒருவர்கூட இல்லை. அவர்களைக் காக்க வேண்டியவர்களின் இடம் வெறுமையாக இருக்க, அந்த வெறுமைக்குள் பார்வையாளரே வந்து நிற்க நேர்கிறது.

படி 4: இடத்தையும் வரலாற்றையும் சேர்த்துப் படியுங்கள்

இப்போது பலகையைப் படிக்கலாம். லண்டன் லிவர்பூல் தெரு ரயில் நிலையத்தின் வெளியே, பெட்டிகளுடன் நிற்கும் குழந்தைகளை ஃபிராங்க் மைஸ்லர் வடித்திருக்கிறார். போருக்கு முந்தைய மாதங்களில் நாஜி ஆட்சியிலிருந்து தப்பிப் பிரிட்டனுக்கு வந்த ஏறத்தாழ 10,000 குழந்தைகளின் நினைவு அது. மைஸ்லரும் அவ்வாறு வந்தவர்களில் ஒருவர். வேறோர் இடத்தில் வைத்தால் சுற்றுலாக் குழந்தைகளாகவும் தோன்றக்கூடிய உருவங்கள், அந்த நிலையத்தின் முன் நிற்கும்போது, பெற்றோரைப் பின்னால் விட்டுவந்தவர்களாகின்றன. இங்கும் பெரியவர்கள் இல்லாமையே பேசுகிறது.

படி 5: ஒரு பத்தி எழுதிச் சரிபாருங்கள்

உங்கள் வாசிப்பை ஒரு பத்தியில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே முதல் படியில் குறித்த சான்றை எழுதுங்கள். சான்று கிடைக்காத வாக்கியம் உங்கள் உணர்வைச் சொல்வதாக இருக்கலாம். அதை அழிக்க வேண்டியதில்லை, ஆனால் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று மாற்றி எழுதுங்கள். பின்னர் அதே படைப்பை அறிந்த வேறொருவரிடம் அப்பத்தியைக் காட்டி, எந்த விவரத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள்.