முகப்போடு திரும்பிவிடாதீர்கள்: வேலூர்க் கடைவீதிப் பழைய கட்டடங்களைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் திறப்பதற்கு முன், லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் பழைய மாடிவீடு ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பால்கனியின் சிமெண்டுக் கைப்பிடிச் சுவர், அதில் கதிர் விரித்த சூரியன், அதற்கு மேலே ஆண்டு பொறித்த சிறு வளைவு என்று எதையும் விடாமல் எடுத்தார்கள். பிறகு ஒருவர் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினார். அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். அவ்வளவு நேரமும் அந்த வீட்டின் தெருக்கதவு திறந்தே இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே கடைவீதியில், நானும் இப்படித்தான் வேலை செய்தேன். அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

டேப்பின் முனையைத் தளரப் பிடிப்பது, அடியையும் மீட்டரையும் குழப்பிக்கொள்வது போன்றவை இரண்டாம் நாளிலேயே திருந்திவிடும். அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை.

முகப்பை மட்டும் பதிவு செய்வது

கடைவீதி வீட்டில் மிக இளைய உறுப்பு அதன் முகப்புதான். தெருவை அகலப்படுத்தியபோது திண்ணை போயிருக்கும். திண்ணை போன இடத்தில் கடை வந்திருக்கும். கடைக்கு வாடகை கூடியபோது அந்தக் காலத்து மோஸ்தரில் சிமெண்டு வேலைப்பாட்டோடு புது முன்சுவர் எழுப்பியிருப்பார்கள். அந்தச் சுவருக்குப் பத்தடி பின்னால், நூறு ஆண்டுகள் மூத்த வீடு ஒன்று முற்றத்தோடும் தூண்களோடும் அப்படியே இருக்கலாம். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை. ஆகவே முகப்பை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் வீட்டின் பெரும்பகுதியைப் பதிவு செய்யத் தவறுவதோடு, பதிவு செய்த சிறு பகுதிக்கும் தவறான வயதை எழுதிவிடுகிறார்.

நான் அப்படி எழுதிய வீடு மண்டித் தெருவுக்கு அருகே இருந்தது. அரை நாள் செலவிட்டு, எதிர்க்கடைப் படியில் ஏறி நின்று பதினொரு படங்கள் எடுத்தேன். வீட்டுக்காரப் பெரியவர் வெளியே வந்து, உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போகும்படி அழைத்தார். வெளிச்சம் போய்விடும் என்ற அவசரத்தில் மறுத்துவிட்டு, "1950களின் கட்டடம், சிமெண்டு வேலைப்பாடு" என்று குறித்துக்கொண்டு கிளம்பினேன். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த வழியாகச் சென்றபோது வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். முன்சுவர் விழுந்த திறப்பின் வழியே நான் முதன்முறையாக அந்த வீட்டைப் பார்த்தேன். கொத்தனார்கள் சித்துக்கல் என்று சொல்லும் மெல்லிய சிறு செங்கற்களால், ஒன்றரை அடிக்குக் குறையாத கனத்தில் எழுப்பிய சுவர்கள். கையால் தடவினால் வழுக்கும் வெண்சாந்து பூசிய இரண்டு தூண்கள். முற்றத்துச் சுவரில் வரிசையாக விளக்கு மாடங்கள். ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் பல தலைமுறை எண்ணெய்ப் புகையின் கரி. கூரையிலிருந்து இறக்கிய தேக்குக் கட்டைகளைப் பழைய மரம் வாங்குகிறவர் லாரியில் ஏற்றியிருந்தார். அந்த லாரியில் வைத்துத்தான் அவற்றை எண்ணினேன். இருபத்து மூன்று. எந்த அறையின் மேல் எத்தனை கட்டை, எந்தத் திசையில், எவ்வளவு இடைவெளியில் இருந்தது என்று சொல்ல இனி ஒருவராலும் இயலாது.

பெரியவர் எதிர்ப்பக்கத்து நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அன்னிக்கே உள்ள வாங்கன்னு கூப்பிட்டேனே தம்பி, வாசல்லயே நின்னு படம் புடிச்சிட்டுப் போயிட்டீங்களே" என்றார். குறையாகக்கூட அவர் சொல்லவில்லை. அந்தப் பதினொரு படங்கள் இன்றும் என்னிடம் உள்ளன. அவற்றால் யாருக்கும் பயனில்லை.

அதனால் என்னோடு வருகிறவர்களைக் கொல்லைப்புறத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். கிணறு, அடுப்படி, முற்றம், கூடம் என்று தெருவை நோக்கி அளந்துகொண்டே வரவேண்டும். முகப்பு கடைசியில் வரட்டும். ஒவ்வொரு வாசல் நிலையிலும் சுவரின் கனத்தை அளந்து எழுதுங்கள். ஒன்றரை அடிச் சுவர் திடீரென்று முக்கால் அடியாகும் இடத்தில் பழைய வீடு முடிந்து புதிய சேர்க்கை தொடங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பூச்சு உதிர்ந்த மூலை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அங்கே செங்கல்லின் நீள அகல உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அறைகள் சரியான செவ்வகமாக அமைவது அரிது என்பதால் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் வரைபடத்தின் கோடுகள் சரியாகச் சேரும்.

அண்ணாந்து பார்க்கவும் மறக்கக் கூடாது. நம் ஊர்ப் பழைய மாடிகளில் பல மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தவை. கட்டைக்குத்து என்றும் சொல்வார்கள். உத்திரங்களின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வு வரிசையில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான மெல்லிய ஓடு, பதிப்பார்கள். கீழே நின்று பார்த்தாலே அந்தச் சாய்வு வரிசை தெரியும். கட்டைகளை எண்ணுங்கள், இடைவெளியை எழுதுங்கள், எந்தக் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுத்திருக்கிறது என்று பாருங்கள். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இன்னும் ஒவ்வொரு குழுவும் மிச்சம் பிடிக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஓட்டில் உள்ள ஆண்டை வீட்டின் ஆண்டாக எழுதுவது

ஓட்டைப் புரட்டிப் பார்த்து, பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் முத்திரையும் 1865 என்ற எண்ணும் தெரிந்தவுடன் வீட்டுக்கு அந்த வயதை எழுதிவிடுகிறார்கள். 1865 என்பது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. முத்திரையில் அந்த எண்ணைத் தாங்கிய ஓடுகள் பிற்காலத்திலும் சூளையிலிருந்து வந்துகொண்டிருந்தன. மேலும் ஓடு என்பது மாற்றக்கூடிய பொருள். நாட்டு ஓடு உடைந்தபோது மங்களூர் ஓடு வேய்ந்த வீடுகள் ஏராளம். இரும்பு கர்டர் இதைவிட நம்பத்தக்க சாட்சி. டாடா ஆலையில் உருக்கு உற்பத்தி தொடங்கியது 1912இல் என்பதால், டாடா பெயர் பொறித்த கர்டர் தாங்கும் தளம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அதுவும் அந்தத் தளத்தின் வயதைத்தான் சொல்லும், சுவரின் வயதை அன்று.

பெயரை நம்பி வரலாறு எழுதுவது

கோட்டைக்குள் திப்பு மகால் என்ற கட்டடம் இருப்பதால், திப்பு சுல்தான் வேலூரில் சிறையிருந்தார் என்று எழுதிய குறிப்புகளைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். அவர் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்தார். அதன் பிறகு இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது அவருடைய குடும்பம். 1806 ஜூலை 10 அன்று இங்கே நடந்த சிப்பாய் எழுச்சிக்குப் பிறகு அவர்களும் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கர் 1816இல் கொண்டுவரப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தார். கோட்டையோ 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர்களால் கட்டப்பட்டது. ஒரு கட்டடத்தின் பெயர் அதில் கடைசியாகப் பேசப்பட்டவரின் பெயராக இருக்கும். கட்டியவரைக் கற்களிலும் ஆவணங்களிலும்தான் தேடவேண்டும்.

ஊர்ச் சொலவடையிலும் இதே கவனம் வேண்டும். "சாமியில்லாக் கோயில், தண்ணியில்லா ஆறு" என்று வேலூரைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். அதை நிகழ்காலத்தில் அப்படியே எழுதிவிடுகிறார்கள். சொலவடை குறிப்பிடும் கோயிலான கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டது 1981இல்.

மணிக்கூண்டில் கடிகாரத்தை மட்டும் பார்ப்பது

லாங்கு பஜார் மணிக்கூண்டில் பதித்துள்ள கல்லைப் படியுங்கள். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் "கிராமத்திலிருந்து" 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அது ஆங்கிலத்தில் சொல்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் இடம் அது. பதிவு செய்ய வருகிறவர்களாவது நின்று படிக்கவேண்டும்.

வீட்டுக்காரரிடம் சிமெண்டைப் பரிந்துரைப்பது

அளக்கப் போன வீட்டில், "சுவர் உதிருதே, என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். சிமெண்டு பூசிவிடுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சி, தன் பூச்சின் வழியே காற்றில் விட்டுவிடும் இயல்புடையது. அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மேலே ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதைப் பொரித்துவிடும். ஓரிரு மழைக்காலங்களுக்குப் பின் சிமெண்டுப் பூச்சு தகடாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். நம் கடைவீதியிலேயே சுண்ணாம்புக்காரத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக நடந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெயர் போதும். பொரிந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைக்கவேண்டும் என்பதையும், அது காற்றை உண்டு மெல்லத்தான் இறுகும் என்பதால் பொறுமை தேவை என்பதையும் சொல்லுங்கள்.

கோட்டையைச் சுற்றிய எல்லையைக் குறைத்துச் சொல்வது

2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மொத்தம் 300 மீட்டர்.

ட்ரோன்

அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள்.

வரைபடத்தை நம்மோடு எடுத்துச் சென்றுவிடுவது

அளந்து முடித்த வீட்டின் வரைபடத்தில் ஒரு படியை, தமிழில் பெயர்கள் எழுதி, வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டும். சலவன்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படிக் கொடுத்தபோது, அந்த வீட்டு அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையே நான் வெற்றுச் சுவராக வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு கதவு இருந்தது தம்பி, எங்க மாமியார் காலத்துல அடைச்சாங்க" என்றார். மறுநாள் சென்று தட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் ஒலி வேறாக இருந்தது. வரைபடத்தில் அந்த நிலையைப் புள்ளிக்கோட்டில் சேர்த்து, திருத்திய படியை மீண்டும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.