மறைந்துபோன ஆர்மீனியச் சிற்றூர்க் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: அராராட் நகரை முன்வைத்து

தலைநகர் யெரெவானுக்குத் தெற்கே, சிமெண்ட் ஆலையைச் சுற்றி வளர்ந்த அராராட் என்னும் சிறு நகரின் அணி 1998இல் ஆர்மீனியாவின் முதல்நிலை லீக்கை வென்றது. இன்று அந்தக் கழகம் இல்லை. இத்தகைய கழகம் ஒன்றின் வரலாற்றை எழுத முனைபவர் முதலில் செய்ய வேண்டியது, அணியின் பெயரைத் தனியே எடுத்து ஆராய்வதுதான். அந்த அணி அப்போது 'த்ஸெமெண்ட்' என்ற பெயரில் ஆடியது. உச்சரிப்பு அந்நியமாகத் தோன்றினாலும், நம் ஊர்க் கட்டடவேலையில் மூட்டையாக வந்திறங்கும் அதே சிமெண்ட்தான் அது. ஆலையின் பெயரையே அணிக்கு வைப்பது சோவியத் நாட்டில் வெகு சாதாரணமான வழக்கம்.

அடுத்து, 'அராராட்' என்ற சொல்லை மட்டும் கொண்டு தேடாதீர்கள். அது ஒரு மலையின் பெயர், ஒரு மாகாணத்தின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, 1973இல் சோவியத் லீக்கையும் கோப்பையையும் ஒருசேர வென்ற யெரெவான் அணியின் பெயர். அந்தப் பெரிய அணியின் சாதனைகள் சிற்றூர் அணியின் கணக்கில் ஏறிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு குறிப்பிலும் நகரின் பெயரையும் அணியின் பெயரையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களும் மாறியுள்ளன: சோவியத் காலப் பட்டியல்களில் கியூம்ரியை லெனினாகான் என்றும், வானாட்சோரைக் கிரோவாகான் என்றும் தேட வேண்டும்.

பின்னர் ஆண்டுவாரியான அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். சுதந்திர ஆர்மீனியாவின் லீக் 1992இல் தொடங்கியது; அந்த முதல் ஆண்டிலேயே ஷிராக், ஹொமெனெத்மென் ஆகிய இரண்டு அணிகள் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 1995-96, 1996-97 ஆகிய பருவங்கள் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிந்தன. 1997இல் அரைப் பருவம் மட்டுமே நடந்து, 1998 முதல் மறுபடியும் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் போட்டிகள் அடங்கின. இதைக் கவனிக்காமல் தொகுத்தால் ஒரு பருவம் குறையும் அல்லது கூடும். நம் அணிக்கு 1998இல் லீக்கும் கோப்பையும், 1999இல் மீண்டும் கோப்பையும் கிடைத்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். 2000இல் பட்டம் வென்ற 'அராக்ஸ்' என்பதும் இதே அணிதான். எல்லையோரம் ஓடும் ஆற்றின் பெயரை அது சூடிக்கொண்டிருந்தது. பெயர் மாற்றத்தை அறியாதவர் இதை இரண்டு கழகங்களாகப் பிரித்து, இரு பட்டங்களையும் வெவ்வேறு இடங்களில் எழுதிவைப்பார்.

கழகம் கலைந்ததா, பெயரை மாற்றிக்கொண்டதா, வேறொன்றுடன் இணைந்ததா என்பதே உண்மையில் கடினமான கேள்வி. கோட்டாய்க் என்னும் கிராமத்தில் 1992இல் உருவான பனான்ட்ஸ் என்ற கழகம் பின்னர் யெரெவானுக்குக் குடிபெயர்ந்து, 2019இல் உரார்ட்டு எனப் பெயர் மாறியது. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குப் பனான்ட்ஸ் மறைந்ததாகவே தெரியும். ஆகவே ஒரு பெயர் பட்டியலிலிருந்து நின்றவுடன் 'கலைந்தது' என்று எழுதிவிடாமல், அடுத்த பருவத்தின் வீரர் பட்டியலையும் ஆட்ட மைதானத்தையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வாருங்கள்.