மரபணு மாற்றப் பொருட்களைத் தவிர்க்க வேண்டுமா? பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

மரபணு மாற்றப்பட்ட உணவு, அதாவது ஆய்வகத்தில் மரபணுவை மாற்றிய பயிரிலிருந்து வரும் உணவு, வேண்டாம் என்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. விதை உரிமை சில நிறுவனங்களின் கைக்குள் போவது சிலருக்குப் பிடிக்கவில்லை. களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் வந்தால் களைக்கொல்லித் தெளிப்பும் கூடும் என்பது சிலரின் கவலை. உடல்நலத்தைப் பொறுத்தவரை, இப்போது சந்தையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை, அவற்றால் தீங்கு வர வாய்ப்பில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்குவது எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

படி 1: எந்தெந்தப் பயிர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பட்டியல் சின்னதுதான். உலகில் மரபணு மாற்றப் பயிர் விளையும் நிலத்தில் பெரும்பகுதி நான்கே பயிர்களுக்குப் போகிறது: சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா (கடுகு இனத்து எண்ணெய்வித்து). அடுத்து சர்க்கரை பீட், பப்பாளி, கால்நடைத் தீவனமான குதிரைமசால். ஹவாய் தீவுகளில் வளையப்புள்ளி வைரஸ் பப்பாளித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, அதை எதிர்க்கும் ரகம் 1998-ல் விவசாயிகளுக்குக் கிடைத்தது. இவை போக உருளைக்கிழங்கு, ஆப்பிள், அன்னாசி, கத்தரிக்காய் ஆகியவற்றிலும் சில ரகங்கள் சில நாடுகளில் மட்டும் விற்பனைக்கு வந்திருக்கின்றன.

விதையில்லாத திராட்சையும் விதையில்லாத தர்பூசணியும் இந்தப் பட்டியலில் வராது. ஒட்டுரகம், கலப்பினம் என்பதெல்லாம் வேறு விஷயம். நிலக்கடலை, எள், தேங்காய், ஆலிவ், சூரியகாந்தி இவற்றில் மரபணு மாற்ற ரகம் கடைக்கு வருவதில்லை. இவற்றை நிம்மதியாக வாங்கலாம்.

படி 2: பாக்கெட்டைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரு சாக்லேட் பிஸ்கட் பாக்கெட்டில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: கோதுமை மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய், கோக்கோ, குளுக்கோஸ் சிரப், சோள ஸ்டார்ச், எமல்சிஃபயர் 322, உப்பு.

இதை வரிசையாகப் பார்ப்போம். கோதுமையில் மரபணு மாற்ற ரகத்தைப் பயிரிட ஒரு சில நாடுகளில்தான் அனுமதி இருக்கிறது, அதனால் மாவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வெறும் ‘சர்க்கரை’ என்று போட்டிருந்தால் கரும்பிலிருந்தும் வந்திருக்கலாம், பீட்டிலிருந்தும் வந்திருக்கலாம். அமெரிக்காவில் விளையும் சர்க்கரை பீட் ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றப்பட்டது. ‘கரும்புச் சர்க்கரை’ என்று தெளிவாகப் போட்டிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. தாவர எண்ணெய் என்பது சோயாவோ, கனோலாவோ, பருத்திக்கொட்டையோ, பாமாயிலோ, எதுவாகவும் இருக்கலாம். குளுக்கோஸ் சிரப் பல நாடுகளில் மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. சோள ஸ்டார்ச்சில் சந்தேகத்துக்கே இடமில்லை, அது மக்காச்சோளம்தான். எமல்சிஃபயர் என்பது எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள், 322 என்ற எண் அதில் லெசித்தினைக் குறிக்கிறது. அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கப்படும், சூரியகாந்தியிலிருந்தும் எடுப்பதுண்டு.

லெசித்தின் எதிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை எச்சரிக்கை இருக்கும், அதைப் பாருங்கள். சோயா ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் பல நாடுகளில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ‘சோயா உள்ளது’ என்றிருந்தால் லெசித்தின் அநேகமாக அங்கிருந்துதான். இந்த ஒரு வரியைப் படிக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், சோயா புரதம் என்ற பெயர்களையும் நினைவில் வையுங்கள். முதல் இரண்டும் பல நேரம் மக்காச்சோளத்திலிருந்து வருபவை.

படி 3: எண்ணெயில் கவனம்

நேரம் குறைவு, ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால் எண்ணெயை மாற்றுங்கள் என்பேன். தினமும் உள்ளே போவது அது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவின் தடயம் அநேகமாக மிஞ்சாது. அதனால் ஆய்வகத்தில் சோதித்தும் பயிரைக் கண்டுபிடிப்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தடயம் இல்லாவிட்டாலும் லேபிளில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2022 முதல் கட்டாயமான லேபிள் விதியோ, தடயம் கண்டறிய முடியாத அளவுக்குச் சுத்திகரித்த பொருளை விட்டுவிடுகிறது. ஆகவே ‘லேபிளில் ஒன்றும் இல்லை’ என்பதை எல்லா இடத்திலும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்ள முடியாது. ‘தாவர எண்ணெய்’ என்ற பொதுப்பெயரைத் தவிர்த்து, நிலக்கடலை, எள் என்று படி 1-ல் நிம்மதியாக வாங்கலாம் என்றவற்றில் ஒரே வித்தின் பெயர் போட்ட எண்ணெயை வாங்குங்கள்.

படி 4: முத்திரைகளை எடைபோடுங்கள்

சான்றளிக்கப்பட்ட ஆர்கானிக் முத்திரைதான் எளிய வழி. ஆர்கானிக் விதிகள் மரபணு மாற்ற விதையை அனுமதிப்பதில்லை. விலை கூடுதலாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க வேண்டியதில்லை, படி 1-ல் சொன்ன பயிர்களுக்கு மட்டும் வாங்கினால் போதும்.

‘மரபணு மாற்றம் இல்லை’ என்பது பூஜ்யம் என்று அர்த்தமாகாது. வயலிலும் லாரியிலும் கிடங்கிலும் கொஞ்சம் கலந்துவிடும் என்பதால் விதிகள் ஒரு வரம்பு வைக்கின்றன. தற்செயலாகக் கலப்பதற்கு ஐரோப்பாவில் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் 0.9 சதவீதம், அமெரிக்காவில் 5 சதவீதம். ‘இயற்கையானது’ என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் எடுக்காதீர்கள். உப்பிலும் தண்ணீரிலும் ‘மரபணு மாற்றம் அற்றது’ என்று போடுவது வெறும் வியாபாரம், உப்புக்கு ஏது மரபணு?

அப்புறம், பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ஐந்து இலக்க எண் 8-ல் தொடங்கினால் மரபணு மாற்றப் பழம் என்ற செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. அப்படி ஒதுக்கியது உண்மை, ஆனால் கடைகளில் அது புழக்கத்துக்கு வரவேயில்லை. 9-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண் ஆர்கானிக்கைக் குறிக்கும். அதை மட்டும் பாருங்கள்.

படி 5: பால், முட்டை, இறைச்சி

மாடும் கோழியும் தின்னும் தீவனத்தில் சோயாவும் மக்காச்சோளமும்தான் அதிகம். மரபணு மாற்றத் தீவனம் தின்ற விலங்கின் பாலுக்கோ முட்டைக்கோ ஐரோப்பாவில்கூட லேபிள் கட்டாயமில்லை. தீவனமும் ஆர்கானிக்காக இருக்க வேண்டும் என்பதால் இங்கேயும் ஆர்கானிக் முத்திரைதான் உதவும்.

படி 6: சந்தேகம் தீரவில்லையா, கேளுங்கள்

பாக்கெட்டில் நுகர்வோர் தொடர்பு முகவரி இருக்கும். ‘உங்கள் பொருளில் மரபணு மாற்றம் உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தப் பொருளில் உள்ள லெசித்தின் எந்தப் பயிரிலிருந்து எடுத்தது? தாவர எண்ணெய் எது? அந்தப் பயிர் விதையிலிருந்து ஆலை வரை தனியாகக் கையாளப்பட்டதற்குச் சான்று இருக்கிறதா? ‘எங்கள் பொருட்கள் அனைத்தும் தரமானவை’ என்று மட்டும் பதில் வந்தால், கேள்வியை அப்படியே திருப்பி அனுப்பி, எந்தப் பயிர் என்பதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.