ஆரஞ்சு வற்றல் தோரணம்: அறுப்பதிலிருந்து கட்டுவது வரை

வாசலுக்கு மாவிலை கட்டினால் ஒரு வாரத்தில் சுருண்டுவிடும், பூச்சரம் மறுநாளே வாடிவிடும், பிளாஸ்டிக் தோரணத்தை வீட்டுக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் பழத் தோரணத்துக்கு வந்தேன். மேல்நாடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆரஞ்சை வில்லை வில்லையாக அறுத்துக் காயவைத்து மரத்திலும் ஜன்னலிலும் தொங்கவிடுவார்கள். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று உலர்ந்திருக்கும். நமக்கு டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இன்னும் சுவரில் இருக்கும். இந்த ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி வற்றல் போட்டுப் பழகிய வீட்டுக்கு இது புதிய வேலையே இல்லை.

முதலில் பழம். கமலா ஆரஞ்சு வேண்டாம். அதன் தோல் சுளையோடு ஒட்டாமல் தளர்வாக இருப்பதால், காயும்போது தோல் தனி வளையமாகவும் சுளை தனியாகவும் கழன்றுவிடும். தோல் இறுக்கமான ஆரஞ்சு வேண்டும், பழக்கடையில் மால்டா என்றோ இம்போர்ட்டட் ஆரஞ்சு என்றோ சொல்லித் தருவார்கள். சாத்துக்குடியும் நன்றாக வரும், ஆனால் நிறம் வெளிர் மஞ்சள்தான். இடையிடையே சின்ன வட்டம் வேண்டுமானால் எலுமிச்சை. 5 ஆரஞ்சில் ஏறக்குறைய 30 வில்லை கிடைக்கும், 3 அடி வாசலுக்குத் தொய்வாகக் கட்ட அதில் பாதியே போதும்.

ரொட்டி அறுக்கும் பல் கத்தி இருந்தால் சாறு பிதுங்காமல் அறுக்கலாம். கனம் 5 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சீக்கிரம் காயட்டும் என்று இன்னும் மெல்லிசாக அறுத்தால் நடுவில் கிழிந்து ஓட்டை விழும், கனமாக அறுத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். கொட்டைகளைக் கத்தி முனையால் தள்ளிவிட்டு, வில்லைகளைப் பருத்தித் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துண்டு போட்டு உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி எடுங்கள். இதைத் தவறாமல் செய்யுங்கள், காயும் நேரத்தில் கணிசமாக மிச்சமாகும்.

காயவைக்க இரண்டு வழி. பங்குனி, சித்திரை வெயில் என்றால் மொட்டை மாடியே போதும். வேட்டியில் பரப்பினால் பழச்சர்க்கரை துணியோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது சுளை கிழியும், அதனால் கம்பி வலையிலோ மூங்கில் தட்டிலோ வையுங்கள். அடியிலும் காற்று போகவேண்டும். மேலே கொசுவலைத் துணி, முதல் நாள் ஈ மொய்க்கும். மதியம் ஒருமுறை திருப்பிப் போட்டு, பனி இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். நல்ல வெயிலில் 3 முதல் 5 நாள்.

மழைக்காலம் என்றால் ஓடிஜி அடுப்புதான், கேக் சுடும் மின்சார அடுப்பு. 100 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் வேண்டாம். பொறுமை இழந்து சூட்டைக் கூட்டினால் சர்க்கரை கருகி, ஆரஞ்சு நிறம் போய்க் காப்பிப்பொடி நிறம் வந்துவிடும். வில்லைகளைக் கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, அடுப்புக் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி லேசாகத் திறந்திருக்கும்படி விடுங்கள், நீராவி வெளியே போகட்டும். அரை மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். 3 முதல் 4 மணி நேரம் ஆகும். மைக்ரோவேவில் முயற்சி செய்யாதீர்கள், அது பழத்தை வேகவைத்துவிடும்.

சரி, காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் முதல்முறை செய்தது ஒரு நவம்பரில். தொட்டால் ஒட்டவில்லை, போதும் என்று நினைத்துக் கட்டிவிட்டேன். எட்டாம் நாள் பார்த்தால் நடுத்தண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, அத்தனையையும் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. தோலும் ஓரமும் முதலில் காயும், நடுவில் வெள்ளையாக இருக்கும் அந்தத் தண்டுதான் கடைசிவரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். முழுதாக ஆறிய பிறகு இரண்டு வில்லைகளை ஒன்றோடொன்று தட்டினால் அப்பளம் போலச் சத்தம் வரவேண்டும். சூடாக இருக்கும்போது எல்லாமே வளையும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நன்றாகக் காய்ந்த வில்லை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தோல் கருஞ்சிவப்பாக இறுகியிருக்கும், சுளைகளுக்கு நடுவில் உள்ள சவ்வு வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல வெள்ளையாக நிற்கும், ஒவ்வொரு சுளையும் தேன் நிறக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விடும். இதற்காகவே நான் சுவரில் மாட்டுவதில்லை, வெளிச்சம் பின்னாலிருந்து வரும் இடமாகப் பார்த்துத்தான் கட்டுவேன்.

அடுத்து கோர்ப்பது. சணல் கயிறும் கோணி ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைச் சுளையில் குத்தினால் கிழியும். தோலுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில் குத்துங்கள், அதுதான் பிடிமானம். வில்லையின் மேல்பாதியில், இடது ஓரத்தில் ஒரு ஓட்டை, வலது ஓரத்தில் ஒரு ஓட்டை. கயிறு ஒன்றில் நுழைந்து பின்பக்கமாக ஓடி மற்றொன்றில் வெளியே வரட்டும், அப்போதுதான் வட்டம் முகம் காட்டி நிற்கும். ஒரே ஓட்டையில் கோர்த்தால் காற்றுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். வில்லைக்கு வில்லை 3 அங்குல இடைவெளி விடுங்கள்.

அந்த இடைவெளியில் என்ன வைப்பது என்பது உங்கள் விருப்பம். மசாலாப் பட்டையை நடுவில் கட்டித் தொங்கவிடலாம், அன்னாசிப்பூவின் இரண்டு இதழ்களுக்கு நடுவே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடலாம். எனக்குப் பிடித்தது ராமநாதபுரம் குண்டு மிளகாய், 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முண்டு மிளகாய்தான். உருண்டையாக, பளபளவென்று கருஞ்சிவப்பில், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் பவழ மணி மாதிரி இருக்கும், அசைந்தால் உள்ளே விதை சலசலக்கும். காம்பு ஓரமாகக் குத்திக் கோருங்கள், அப்புறம் கையை நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். குழந்தைகள் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் கட்டுவதானால் மிளகாயைத் தவிர்த்துவிடுங்கள். சுண்டைக்காயும் மணிபோல அழகுதான், ஆனால் வீட்டில் உள்ள வற்றலை எடுக்காதீர்கள்: உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மோரில் ஊறியதற்கு எறும்பு வரும். கோர்ப்பதற்கென்று தனியாக, உப்பில்லாமல், கீறாமல் காயவைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சேர்ப்பதானால் அறுத்தவுடன் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டெடுங்கள், கறுக்காது. வாழை, பப்பாளி எல்லாம் பிசுபிசுப்பு போகாது, விட்டுவிடுங்கள்.

சமையலறை ஆவி, குளியலறைப் பக்கம், மழைச்சாரல் படும் வாசல் மூன்றும் ஆகாது. நேர் வெயில் நாள் முழுவதும் பட்டாலும் நிறம் வெளுக்கும். ஆணியில் கட்டும் முனைகளில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவி வைத்தால் எறும்பு ஏறுவது குறையும். மழைநாட்களில் வில்லை மறுபடி வளைய ஆரம்பித்தால், கழற்றி 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தெடுங்கள், மிளகாயையும் கயிற்றையும் உருவிவிட்டுத்தான். பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் செய்தித்தாள் விரித்த டப்பாவில் அடுக்கி, மூடி இறுக்கி அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தூசி படிந்ததை டீயில் போடாதீர்கள். நிறம் போனதும் கயிறு முதற்கொண்டு துண்டு துண்டாக நறுக்கிச் செடித்தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள், சணலும் மக்கிவிடும்.